'ஒரு மார்க்தானே' என்று அலட்சியம். பக்கம் பக்கமாக எழுதியும் பலன் இல்லை: எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் கோட்டை விடுவது எங்கே?

வேலூர்:

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "என் பையன் ராத்திரி 12 மணி வரைக்கும் படிக்கிறான். ஆனா மார்க் மட்டும் வர மாட்டேங்குது" என்று புலம்பாத தாய்மார்கள் இல்லை. படிக்காத பிள்ளை மார்க் வாங்காததில் ஆச்சரியம் இல்லை. படித்த பிள்ளையும் ஏன் வாங்கவில்லை என்பதுதான் கேள்வி.

2025-ம் ஆண்டு தமிழகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை 8 லட்சத்து 71 ஆயிரத்து 239 பேர் எழுதினார்கள். 8 லட்சத்து 17 ஆயிரத்து 261 பேர் பாஸ் ஆனார்கள். தேர்ச்சி 93.80 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி உள்ள சுமார் 54 ஆயிரம் பேரை நினைத்துப் பாருங்கள். மாவட்ட வாரியான பட்டியலில் அந்த ஆண்டு கடைசி இடம் நம்ம வேலூருக்கு. 85.44 சதவீதம்.

பெயில் ஆன பிள்ளைக்கு நம்ம பக்கத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "சும்மா வீட்ல இருந்து என்ன பண்ணப் போறே" என்று பையனை ஷூ கம்பெனிக்கு அனுப்புவார்கள். பெண் பிள்ளை என்றால் பீடித் தட்டு மடியில் ஏறும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு ஆரம்பிக்கும். 5 மார்க், 6 மார்க் வித்தியாசத்தில் ஒரு வாழ்க்கையே திசை மாறிவிடுகிறது. அந்த 5, 6 மார்க் எங்கே போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரே பாடம்; இரண்டு விதமான தேர்வு

கேள்வித்தாளில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்வி. இன்னொன்று, நாமே யோசித்து எழுத வேண்டிய கேள்வி. 2 மார்க்கில் தொடங்கி 8 மார்க் கட்டுரை வரை இந்த வகைதான்.

முதல் வகையில் விடை கண் முன்னாலேயே இருக்கும். நாலில் எது என்று அடையாளம் கண்டால் போதும். இரண்டாவது வகையில் பேப்பர் வெள்ளையாக இருக்கும். மண்டையில் இருந்து எடுத்து, வரிசைப்படுத்தி, எழுதி நிரப்ப வேண்டும். தெருவில் எதிரே வருகிறவரை 'இவர்தான் பால்காரர்' என்று கண்டுபிடிப்பது ஒன்று. அவர் எதிரே இல்லாதபோது அவர் முகத்தை வரைந்து காட்டுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றாகுமா?

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே மாதிரி படிக்கிறார்கள். கைடை விரித்து வைத்து, சத்தம் போட்டு, பத்து தடவை வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பரீட்சை ஹாலில் கைடு கிடையாது. ஒரு மார்க்கில் 'இதுவா அதுவா' என்று குழப்பம் வரும். கட்டுரையில் முதல் நாலு வரிக்கு மேல் பேனா நகராது. எனவே ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு முறை, இரண்டு விதமாகப் படிக்க வேண்டும்.

நம்ம ஊர் கோட்டையே உதாரணம்

எப்படி என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். 1806-ம் ஆண்டு வேலூர் கோட்டையில் நடந்த சிப்பாய் புரட்சி, பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தில் வருகிறது. ஒரு மார்க்கிலும் கேட்கலாம், பெரிய கேள்வியிலும் கேட்கலாம்.

ஒரு மார்க்குக்குப் படிக்கும்போது பெயர், ஆண்டு, ஊர், பதவி இந்த நாலையும் ஜோடி ஜோடியாகப் பிரித்து எழுத வேண்டும். அது வருமாறு:-

புரட்சி வெடித்த நாள்: 1806 ஜூலை 10.

புதிய ராணுவ விதிகளைக் கொண்டு வந்த தலைமைத் தளபதி: சர் ஜான் கிரடாக்.

அப்போது சென்னை மாகாண ஆளுநர்: வில்லியம் பெண்டிங்.

சிப்பாய்கள் புதிய சுல்தானாக அறிவித்தது: திப்புவின் மூத்த மகன் பதே ஹைதர்.

ஆற்காட்டில் இருந்து குதிரைப்படையுடன் வந்து அடக்கியவர்: கில்லஸ்பி.

இப்போது 'புதிய ராணுவ விதிகளுக்குக் காரணமானவர் யார்?' என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். கீழே கிரடாக், பெண்டிங், கில்லஸ்பி, பான்கோர்ட் என்று நாலு பெயர் இருக்கும். நாலுமே அந்தப் பாடத்தில் வரும் பெயர்கள்தான். மேலோட்டமாக வாசித்தவனுக்கு நாலுமே சரி மாதிரி தெரியும். யார் என்ன செய்தார் என்று ஜோடி போட்டுப் படித்தவன் ஒரு நொடியில் அடித்துவிடுவான்.

கட்டுரைக்குப் படிக்கும்போது ஜோடி போதாது. சங்கிலி வேண்டும். காரணம், வெடித்த விதம், அடக்கிய விதம், விளைவு என்று நாலு வளையம். அந்த வளையங்களை மட்டும் மனதில் வைத்தால் மற்றது தானாக வரும்.

காரணம்: 1799-ல் திப்பு சுல்தான் கொல்லப்பட்ட பின் அவர் குடும்பத்தார் வேலூர் கோட்டையில் வைக்கப்பட்டார்கள். சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் போடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலால் ஆன சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்துக்கள், முஸ்லிம்கள் இரு தரப்புக்குமே அது பிடிக்கவில்லை.

வெடித்த விதம்: ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளம்பினார்கள். கோட்டைத் தளபதி பான்கோர்ட் கொல்லப்பட்டார். கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது.

அடக்கிய விதம்: ஆற்காட்டில் இருந்து கில்லஸ்பி வந்தார். அன்றைக்கே புரட்சி ஒடுக்கப்பட்டது.

விளைவு: திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கிரடாக், பெண்டிங் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகை உத்தரவும் வாபஸ் ஆனது.

இதை வாசித்துவிட்டு புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வளையத்தையும் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் நீங்கள் படிக்கவில்லை. அதை மட்டும் திரும்பப் படித்து மறுபடி எழுதுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. பத்து தடவை வாசிப்பதைவிட இப்படி மூன்று தடவை எழுதிப் பார்ப்பது நெஞ்சில் நிற்கும்.

35 மார்க் கணக்கு

சமூக அறிவியல் கேள்வித்தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு மார்க் கேள்வி 14. 2 மார்க் கேள்வி 14-ல் 10 எழுத வேண்டும். 5 மார்க் கேள்வி 14-ல் 10. 8 மார்க் கேள்வி 2. மொத்தம் 100. பாஸ் மார்க் 35.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மார்க்கில் 10 சரி, 10 மார்க். 2 மார்க்கில் 5 சரி, 10 மார்க். கட்டாயக் கேள்வியாக வரும் வரைபடத்தில் 5 மார்க். 5 மார்க் கேள்வி இரண்டு உருப்படியாக எழுதினால் 10 மார்க். கூட்டினால் 35. எட்டு மார்க் கேள்வியைத் தொடாமலே பாஸ்!

'நான் மக்கு, எனக்கு வராது' என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அறிவியலில் இன்னும் கொஞ்சம் வேறு மாதிரி. செய்முறைத் தேர்வு 25, எழுத்துத் தேர்வு 75. செய்முறையில் 15-ம், எழுத்துத் தேர்வில் 20-ம் குறைந்தபட்சம் வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வில் ஒரு மார்க் மட்டும் 12 கேள்வி. 12-ம் சரியாக அடித்து, 2 மார்க்கில் நாலு எழுதினால் அந்த 20 வந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு 'அப்போ ஒரு மார்க் மட்டும் படிச்சா போதும்' என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஒரு மார்க் மொத்தத்தையும் சரியாக அடித்தாலும் சமூக அறிவியலில் 14-ஐ தாண்டாது. கரையேற மற்றதும் வேண்டும்.

ஒரு மார்க்கில் செய்யும் தப்புகள்

முதல் தப்பு, 'இ' என்று மட்டும் எழுதிவிட்டு வருவது. விடையின் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேள்வித்தாளிலேயே அச்சடித்து இருக்கும். 'இ) சர் ஜான் கிரடாக்' என்று முழுதாக எழுத வேண்டும். குறியீடு ஒன்றும் விடை ஒன்றுமாக மாற்றி எழுதினாலும் மார்க் கிடையாது. விடை தெரிந்தும் மார்க் போவது இங்கேதான்.

இரண்டாவது, புத்தகத்தில் 'மூணாவதா இருக்கறது விடை' என்று இடத்தை மனப்பாடம் செய்வது. விடையின் இடத்தை மாற்றிக் கொடுத்தாலோ, கேள்வியைத் திருப்பிக் கேட்டாலோ கதை முடிந்தது. இதற்கு ஒரு வழி உண்டு. கேள்வியைப் படித்ததும் கீழே உள்ள நாலு விடையையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். விடை என்ன என்று முதலில் மனதில் சொல்லுங்கள். அப்புறம் கையை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, தெரியவில்லை என்று விட்டுவிட்டு வருவது. பள்ளிப் பொதுத்தேர்வில் தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். எனவே ஒரு கேள்வியைக்கூட காலியாக விடக்கூடாது. நிச்சயம் இது இல்லை என்று தெரிந்த விடைகளை முதலில் கழித்துவிடுங்கள். கில்லஸ்பி ஆற்காட்டில் இருந்து வந்து அடக்கியவர் என்று தெரிந்தால் அவரைக் கழிக்கலாம். கொல்லப்பட்டவர் பான்கோர்ட் என்று தெரிந்தால் அவரையும் கழிக்கலாம். மீதி இரண்டே பேர்.

ஆனால் இந்தப் பழக்கத்தை நீட் தேர்வுக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கே சரியான விடைக்கு 4 மார்க், தவறான விடைக்கு 1 மார்க் மைனஸ். ஒவ்வொரு தேர்வுக்கும் சட்டம் வேறு. உள்ளே போகும் முன் அதைத் தெரிந்துகொள்வது பாதி வெற்றி.

கூற்று-காரணம் கேள்வி: ஒரே ஒரு வார்த்தை போதும்

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே தடுமாற வைப்பது கூற்று-காரணம் வகை. உதாரணத்துக்கு ஒன்று.

கூற்று: 1806-ல் வேலூர் கோட்டை சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தனர்.

காரணம்: திப்பு சுல்தானின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

இரண்டும் நடந்த சம்பவம். இரண்டும் சரி. அவசரக்காரன் 'கூற்றும் காரணமும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் 'ஏனென்றால்' என்ற வார்த்தையைப் போட்டுப் படித்துப் பாருங்கள். சிப்பாய்கள் கிளர்ந்தார்கள், ஏனென்றால் திப்புவின் மகன்களை கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்... பொருந்தவில்லையே! அனுப்பியது புரட்சிக்கு அப்புறம். அது விளைவு, காரணம் அல்ல. இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்பதே விடை.

பொருத்துக கேள்வியில் முதலில் இருந்து வரிசையாகப் போக வேண்டியதில்லை. நிச்சயமாகத் தெரிந்த ஜோடியை முதலில் போடுங்கள். மீதி சிக்கல் பாதியாகிவிடும்.

கட்டுரையில் கேட்டதற்கு மட்டும் பதில்

கட்டுரைக் கேள்வியில் நடக்கும் பெரிய கோளாறு, கேட்டதை விட்டுவிட்டு தெரிந்ததை எழுதுவது. 'காரணங்களை எழுதுக' என்று கேட்டால் காரணம்தான் வேண்டும். புரட்சி நடந்த கதையை மூன்று பக்கம் எழுதினாலும் பயன் இல்லை. எனவே கேள்வியின் கடைசி வார்த்தையை இரண்டு தடவை படியுங்கள். காரணமா, விளைவா, வேறுபாடா, விளக்கமா? அதைப் பிடித்துக்கொண்டால் விடை வழி தவறாது.

பேப்பர் திருத்துகிறவர்களிடம் விடைக்குறிப்பு இருக்கும். அதில் உள்ள கருத்து உங்கள் பேப்பரில் இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவார்கள். ஒரு பக்கம் முழுக்க மூச்சு விடாமல் ஒரே பத்தியாக எழுதினால், உள்ளே இருக்கும் நல்ல கருத்தும் கண்ணில் படாமல் போகும். குட்டித் தலைப்பு போடுங்கள். அதன் கீழே ஒன்று, இரண்டு என்று கருத்துகளைப் பிரித்து எழுதுங்கள். 8 மார்க் கேள்விக்கு எட்டு கருத்தாவது தேறுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி சங்கிலியை மனதில் ஓட்டிப் பாருங்கள். 'விளைவு முன்னாடி வந்துடுச்சே' என்று நடுவில் அடித்துத் திருத்தும் வேலை மிச்சம். ஒருவேளை நேரம் போதாமல் போனாலும் கடைசிக் கேள்வியை அப்படியே விட வேண்டாம். தலைப்புகளையும் முக்கியக் கருத்துகளையும் மட்டுமாவது எழுதி வையுங்கள். காலிப் பக்கத்துக்கு யாரும் மார்க் போட முடியாது.

கணக்கிலும் இயற்பியலிலும் விடை வராவிட்டால்கூட சூத்திரம், மதிப்புகளைப் பொருத்திய வரி இதற்கெல்லாம் மார்க் உண்டு. விடை வந்தால் அலகை எழுத மறக்கக்கூடாது. அறிவியல் படத்தை பென்சிலில்தான் போட வேண்டும். பாகம் குறிக்காத படம் அரை மார்க்குக்கும் பெறாது.

3 மணி நேரத்தைப் பிரிப்பது எப்படி?

தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கும். முதல் 10 நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க. அடுத்த 5 நிமிடம் விடைத்தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. 10.15-ல் இருந்து 1.15 வரை எழுத வேண்டும்.

அந்த 10 நிமிடத்தை பக்கத்து பெஞ்சை வேடிக்கை பார்த்துக் கழிக்காதீர்கள். எல்லாப் பக்கமும் இருக்கிறதா, அச்சு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அறைக் கண்காணிப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். கட்டாயக் கேள்வி எது என்பதையும் பார்த்து வையுங்கள்.

சமூக அறிவியலுக்கு நேரம் இப்படிப் பிரிக்கலாம். ஒரு மார்க்குக்கு 15 நிமிடம். 2 மார்க் பத்துக்கு 40 நிமிடம். 5 மார்க் பத்துக்கு 80 நிமிடம். 8 மார்க் இரண்டுக்கு 30 நிமிடம். கடைசி 15 நிமிடம் சரிபார்க்க. ஆக 180 நிமிடம். கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறோமா என்பதை அந்தக் கடைசி 15 நிமிடத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எழுதவும் அடிக்கோடு போடவும் நீலம் அல்லது கருப்பு மைதான். சிவப்பு, பச்சை ஜிகினா வேலை எல்லாம் வேண்டாம்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. சரியாக எழுதவில்லை என்ற பயத்தில், எழுதிய விடைகள் அத்தனையையும் தானே கோடு போட்டு அடித்துவிட்டு வரும் மாணவர்கள் உண்டு. 'அப்புறம் துணைத்தேர்வுல பாத்துக்கலாம்' என்று நினைப்பு. இது ஒழுங்கீனச் செயல் என்றும், அப்படிச் செய்தால் அடுத்த 2 பருவத் தேர்வுகளை எழுத முடியாது என்றும் தேர்வுத்துறை அறிவிப்பு வெளியிட்டுள்ளது. தெரிந்ததை எழுதிவிட்டு வாருங்கள். அடித்துவிட்டு வராதீர்கள்.

எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம்

ஒரு மார்க் கேள்விக்குப் பழக பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ம் வகுப்பு படிக்கும் ஏழை மாணவர்களுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி. எல்லாமே தேர்ந்தெடுத்து எழுதுவதுதான். தேர்வானால் 9-ம் வகுப்பில் இருந்து பிளஸ்-2 வரை ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல. பள்ளியில் விசாரித்தால் தலைமை ஆசிரியரே விவரம் சொல்வார்.

காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு பேப்பர்கள் கைக்கு வரும்போது மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கக்கூடாது. போன மார்க் ஒரு மார்க்கில் போனதா, கட்டுரையில் போனதா என்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். எங்கே அதிகம் ஓட்டையோ அங்கே முதலில் அடைப்பு.

பெற்றோர் கவனத்துக்கு

மாநில அளவில் முதல் 3 இடம் பிடித்தவர்கள் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை தமிழக அரசு 2017-ம் ஆண்டே நிறுத்திவிட்டது. ஆனால் வீட்டில் இன்னும் நிற்கவில்லை. 'பக்கத்து வீட்டுப் பொண்ணு 480, நீ என்னடா?' என்ற கேள்வி மட்டும் தொடர்கிறது. அதற்குப் பதிலாக, தினமும் ராத்திரி 10 நிமிடம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கேள்வி கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்கூட, "இன்னைக்குப் படிச்ச பாடத்தைக் கதையா சொல்லுப்பா" என்று கேட்கலாம். கதையாகச் சொல்ல வந்தால் கட்டுரையாக எழுதவும் வரும்.

தேர்வுக்கு முந்தைய ராத்திரி விடிய விடிய விழிக்க வைக்காதீர்கள். தூக்கம் கெட்டால் படித்ததும் சமயத்தில் கைவிடும்.

அப்படியும் பெயில் ஆனால்? உலகம் இடிந்து விழவில்லை. அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. அதில் பாஸ் ஆனால் அந்த ஆண்டே பிளஸ்-1 சேரலாம். மனசு கஷ்டமாக இருந்தால் 104 என்ற எண்ணிலும், படிப்பு சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணிலும் பேசலாம். ரிசல்ட் வந்த அன்றைக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசாதீர்கள். துணைத்தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் என்று பள்ளியில் போய்க் கேளுங்கள்.